குளிரில் திரும்பி வந்த நீலக் கோடுகள்

1. நோட்டுக் கோடு

அந்தப் போட்டோ ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. கடையைத் திறந்து மிஷின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம். கனடாவில் இருக்கும் ஷீலா அதைத் தன் அக்கா ஜெயராணி டீச்சருக்கு அனுப்ப, டீச்சர் அதை எங்கள் முதலாளி ரோஸ்லின் அக்காவுக்கு அனுப்பியிருந்தார். அக்கா போனைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

படத்தில் இருந்தது ஷீலாவின் குழந்தைக்கு நாங்கள் தைத்து அனுப்பிய கவுன். வெள்ளை மல் துணி. நெஞ்சுப் பகுதியிலும் பாவாடையின் கீழ் ஓரத்திலும் பின்டக் என்கிற மெல்லிய மடிப்பு வரிசை. அந்தப் பின்டக் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நீலக் கோடு ஓடியது. கவுனைப் பார்த்தால் கோடு போட்ட நோட்டின் பக்கத்தைக் கிழித்துக் குழந்தைக்கு மாட்ட வைத்திருப்பது போல இருந்தது.

படத்துக்குக் கீழே டீச்சரின் குரல் பதிவு. "ரோஸ்லின், இது என்னது? நீ குடுக்கும்போது பளிச்சுனு வெள்ளையாத்தானே இருந்துச்சு? ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். எனக்கு ஒன்னும் ஓடல. கூப்பிடு."

கட்டிங் மாஸ்டர் சிக்கந்தர் அண்ணன் எட்டிப் பார்த்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது நம்ம பேனாதான் மலை," என்றார் என்னிடம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் மலைச்சாமி. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கப்பலூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் லேப் வேலை கிடைக்கும் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. மதுரையில் ரோஸ்லின் அக்காவின் தையல் கடையில் பார்சல் கட்டச் சேர்ந்தேன். பார்சல் இல்லாத நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து பழகினேன். இப்போது கடையில் பின்டக் வேலை என்றால் என் மேஜைக்குத்தான் வரும். "படிச்சுப்புட்டு ஊசி நூலோட உக்காந்திருக்கியேப்பா" என்று அம்மா முதலில் வருத்தப்பட்டது. இப்போது ஊரில் யாராவது கேட்டால், "எம்மகன் டிசைன் வேலை பாக்குறான்" என்று சொல்லிவிடுகிறது.

2. பின்டக்கும் பேனாவும்

பின்டக் பெரிய வித்தை இல்லை. துணியில் மெல்லிய மடிப்பு ஒன்று எடுத்து, மடிப்பின் ஓரத்தை ஒட்டித் தையல் ஓட்டினால் குண்டூசிப் பருமனுக்கு ஒரு வரப்பு நிற்கும். அவ்வளவுதான். ஆனால் அது ஒன்றாக நின்றால் அழகில்லை. வரிசையாக, ஒரே இடைவெளியில், நேராக நிற்க வேண்டும். நடுவில் ஒன்று கோணினால் சரியாக இருக்கிற மற்றதெல்லாம் கோணலாகத் தெரியும். அதனால் கோடு போடுவதுதான் பாதி வேலை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்டக் வைக்கிற உடுப்பில் முதலில் துணியை வெட்டுவதில்லை. முழுத் துணியில் டக் தைத்து முடித்து, தேய்த்து, அதன் மேல் அளவை வைத்துப் பிறகுதான் கத்தரி போடுவோம். முதலில் வெட்டினால், டக் துணியைத் தின்றுவிட்டு அளவு குறைந்து நிற்கும்.

பேனா வருவதற்கு முன் கோட்டுக்கு இழை உருவுவோம். மல் துணியில் ஒரே ஓர் இழையை ஊசி முனையால் தூக்கி, மெதுவாக இழுத்து உருவினால், அந்த இடத்தில் முடி போல ஒரு தடம் விழும். அந்தத் தடத்தில் மடித்தால் கோணவே கோணாது. ஆனால் இழை பாதியில் அறுந்துபோகும். அறுந்த இடத்தைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேட வேண்டும். ஒரு சின்னக் கவுனுக்கு இழை உருவவே காலைப்பொழுது போய்விடும்.

அப்படி இருக்கும்போதுதான் தையல் சாமான் விற்கிற ஒருவர் அந்தப் பேனாவைக் கொண்டு வந்தார். துணியில் நீலக் கோடு போட்டார். அயர்ன் பாக்ஸை வைத்து எடுத்தார். கோட்டைக் காணோம்.

சிக்கந்தர் அண்ணனுக்குத்தான் எங்கள் எல்லாரையும் விடச் சந்தோஷம். "இது இருவது வருசத்துக்கு முந்தி வந்திருந்தா என் கண்ணு இம்புட்டுக் கெட்டிருக்காதேப்பா. எம்பொண்டாட்டி கண்ணாடிக்காரனைக் கட்டிக்கிட்டேன்னு அழுதிருக்க மாட்டா," என்றார்.

நாங்கள் கண்மூடித்தனமாக நம்பிவிடவும் இல்லை. கோடு போட்டுத் தேய்த்த துண்டைச் சோப்புப் போட்டுத் துவைத்தோம். மொட்டை மாடியில் வெயிலில் நாள் முழுக்கப் போட்டோம். கோடு திரும்பவில்லை. சரி, நல்ல சாமான்தான் என்று வாங்கிவிட்டோம். மதுரையில் ஒரு பொருளைச் சோதிக்க வேண்டுமென்றால் வெயிலில்தான் வைப்பார்கள். குளிரில் வைத்துப் பார்க்க இங்கே யாருக்குத் தோன்றும்?

3. கோயில் வரைக்கும் எப்படிப் போகும்?

சிக்கந்தர் அண்ணன் யோசனைப்படி, மறுபடி அயர்ன் போடச் சொல்லி ஷீலாவுக்குச் செய்தி போனது. சிறிது நேரத்தில் இன்னொரு போட்டோ வந்தது. கவுன் வெள்ளையாக இருந்தது. ரோஸ்லின் அக்கா, "சேசுவே" என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தார். டீ வாங்கி வந்தேன். பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

மதிய இடைவேளையில் ஜெயராணி டீச்சர் நேரில் வந்துவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை வந்த பிறகும் வழியைக் கேட்கிறவர்.

"மறைஞ்சது சரி. ஏன் வந்துச்சு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீ கெமிஸ்ட்ரிதானே? சொல்லு."

"சூட்டுல நிறம் போற மை டீச்சர். மை துணியிலயேதான் இருக்குது, நிறம் மட்டுந்தான் போகுது. ரொம்பக் குளுந்தா நிறம் திரும்பிரும்னு நினைக்கிறேன். பார்சல் அந்த ஊருக் குளிர்ல கிடந்திருக்கும்."

"அங்க வெளிய வச்சா தண்ணி கல்லாப் போகுதுன்னு ஷீலா சொல்றா," என்றார் டீச்சர். "அப்ப இது கோயில் வரைக்கும் எப்படிப் போகும்?"

ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை வெள்ளைக் கவுனில் கொண்டுபோவதில்லை அவர்கள் வீட்டில். வேறு உடுப்பில் போய், தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெள்ளுடை போடுவார்கள். அதுவரை கவுன் பையில் இருக்கும். ஷீலாவின் வீட்டிலிருந்து கோயிலுக்குக் காரில் நெடுந்தூரம். பை டிக்கியில், குளிரில் போகும்.

"கவுனைப் போட்டதும் ஃபாதர் ஒரு வார்த்தை சொல்லுவாரு. இந்த வெள்ளுடையைக் கறை படாம கடைசி வரைக்கும் வச்சுக்கோன்னு. அவர் அதைச் சொல்ற நேரத்துல நெஞ்சு பூராவும் நீலக் கோடு நிக்கும். நல்லா இருக்குமா ரோஸ்லின்?"

"மடியில வச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க டீச்சர். சூடா இருக்கும்," என்றார் சிக்கந்தர் அண்ணன்.

"போகலாம்ணே. முடிஞ்சு வெளிய வந்து எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்களே, அப்ப? கல்யாணமாகி எத்தனையோ வருசம் கழிச்சுப் பொறந்த புள்ள. எங்களுக்கு விசா கிடைக்கல, வீட்டுல இருந்து ஒருத்தரும் போகல. இந்தக் கவுனு ஒன்னுதான் போயிருக்கு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னார். வேறு கவுன் தைத்து அனுப்ப நாள் இல்லை. அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்தான். அதை டீச்சரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. "சாயங்காலம் வாங்க டீச்சர், பாக்குறோம்" என்று மட்டும் அக்கா சொன்னார். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னத்தைப் பாக்கப் போறோம் மலை?"

4. வெட்டுத் துண்டுகள்

நான் முதலில் துணி மூட்டையைத் தேடினேன். முன்பே சொன்னேன், டக் தைத்த பிறகுதான் வெட்டுவோம். அதனால் கழுத்து வளைவிலும் கை வளைவிலும் விழுகிற துண்டுகளில் கவுனில் இருக்கிற அதே டக், அதே நூல், அதே பேனாக் கோடு இருக்கும். பொம்மைச் சட்டைக்கு ஆகும் என்று அக்கா அவற்றை எறியாமல் ஒரு மூட்டையில் போட்டு வைப்பார். அந்தக் கவுனின் துண்டுகள் மேலாகவே கிடந்தன. கவுன் கனடாவில் இருந்தாலும் அதன் உறவுக்காரர்கள் எங்கள் கையில் இருந்தார்கள்.

அடுத்தது குளிர். கடைக்குக் கீழே கணேசனின் பேக்கரி. அவனிடம் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் உண்டு.

"மாப்ள, ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் வேணும்."

"என்ன வைக்கப் போற?"

"துணி."

"ஏன், அதுக்கும் புழுக்கம் தாங்கலையாமா?"

"கொஞ்ச நேரந்தான் மாப்ள."

"எம்புட்டு நேரம்னாலும் வச்சுக்க. குல்ஃபி கேட்டு வர்றவன் கையில அது மாறிப் போச்சுன்னா நீதான் வந்து பேசணும்."

தேய்த்து வெள்ளையாக இருந்த ஒரு துண்டை உள்ளே வைத்தேன். திரும்பப் போய் எடுத்தபோது ஒவ்வொரு டக்கிலும் நீலம் நின்றது. வரும் என்று நானேதான் சொன்னேன். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பேய் கணக்கா வருதேப்பா," என்றார் சிக்கந்தர் அண்ணன். பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

கல்லூரி லேபில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான் அன்றைக்கு உதவியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஒன்றைத் தொடாமல் அப்படியே வை. ஒரு துண்டைத் தொடாமல் வைத்தோம். ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் அலசினோம். ஒன்றை வெந்நீரில் போட்டோம். எல்லாவற்றையும் காயவைத்துத் தேய்த்து, ஃப்ரீசருக்கும் மாடிக்குமாக நடந்தேன். சோப்பில் போட்டதில் நீலம் கொஞ்சம் வெளிறி வந்தது. வெந்நீரில் போட்டதில் நீலம் கொஞ்சமும் குறையாமல் வந்தது.

கையில் தடவுகிற சானிடைசர் ஒரு பாட்டில் அக்காவின் மேஜையில் மிச்சம் இருந்தது. மை ஸ்பிரிட்டில் கரையலாம் என்று, தேய்த்து மறைந்த துண்டு ஒன்றில் அதைத் தடவினேன். ஃப்ரீசரில் வைத்தால் அங்கங்கே திட்டுத் திட்டாக நீலம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் புரிந்தது. மை போகிறது. நான்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவியிருக்கிறேன்.

அதனால் மறைந்ததைத் துடைக்கக் கூடாது. குளிரில் வைத்து நிறத்தை வரவைத்துவிட்டுத் துடைக்க வேண்டும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த நீலத் துண்டுக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தோம். பஞ்சில் சானிடைசர் நனைத்து டக்கின் முதுகில் ஒத்தி ஒத்தி எடுத்தோம். நீலம் அடித் துணிக்கு இறங்கியது. சோப்பில் அலசி, தேய்த்து, மறுபடி கணேசனிடம் கொடுத்தேன். இந்தத் தடவை அவனே எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தான்.

"ஒன்னும் வரலையே மாப்ள. வரலைன்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லது மாப்ள."

"அப்ப டீ சொல்லு. ஏறி எறங்கி முட்டி வலிக்குது உனக்கு, பாக்குற எனக்கே வலிக்குது."

அக்கா அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதை அங்க ஷீலா செய்யணுமே," என்றார்.

5. பால்கனி

சாயங்காலம் டீச்சர் வந்ததும் வீடியோ காலில் ஷீலாவைக் கூப்பிட்டோம். அங்கே விடிந்திருந்தது. பின்னால் குழந்தை அழுதது. டீச்சர் முன்னுரை எல்லாம் இல்லாமல், "கவுனைக் கொண்டுபோய் பால்கனியில போடு," என்றார்.

"அக்கா, உனக்கு என்ன ஆச்சு? கஷ்டப்பட்டு அயர்ன் பண்ணி மறைச்சு வச்சிருக்கேன். திரும்ப வரவைக்கச் சொல்றியா?"

"ஆமா."

"முடியாதுக்கா. எனக்கு அதை மறுபடி பாக்குற தெம்பு இல்ல."

டீச்சர் போனை என்னிடம் தந்தார். "நீயே சொல்லுப்பா. சின்ன வயசுல இருந்தே நான் சொன்னா அவளுக்கு ஏறாது."

நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, மை துணியிலதான் இருக்கு. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் எடுக்க முடியும். தெரியாம இருக்கும்போது எடுத்தா மிச்சம் வச்சிருவோம். அந்த மிச்சம் கோயில்ல வரும்."

"எடுக்கும்போது பரவிருச்சுன்னா தம்பி?"

"பரவாம எப்படி எடுக்கிறதுன்னு நான் இங்க ஒரு துண்டுல முதல்ல செய்றேன். நீங்க பாத்துப் பாத்துச் செய்ங்க. இது உங்க கவுன்ல இருந்து வெட்டுன துண்டுதான்."

துண்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். ஷீலா திரைக்குக் கிட்ட வந்து அதைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

சிறிது நேரத்தில் கவுனில் கோடுகள் வந்தன. அவர் கண் கலங்கியது திரையில் தெரிந்தது. நான் ஒரு டக் ஒத்தி எடுத்தேன். அவர் தன் வீட்டுச் சானிடைசரால் ஒரு டக் ஒத்தி எடுத்தார். டீச்சர் பரீட்சை ஹாலில் நடப்பது போல என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

"தேய்க்காத ஷீலா. ஒத்து. மல் துணி, நூல் விலகிரும்."

"ஒத்திக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

"அடித் துணியை நகத்து. அழுக்குப் பட்ட இடத்துலயே வச்சா திரும்ப ஏறிரும்."

"நீ வகுப்புல இருக்கிற பிள்ளைகள எல்லாம் எப்படிக்கா வச்சிருக்க?"

அந்தக் கேள்விக்கு எல்லாரும் சிரித்துவிட்டோம். ஷீலாவும் சிரித்தார். அதன் பிறகு அவரே அடுத்த டக், அடுத்த டக் என்று போனார். நெஞ்சுப் பகுதி முழுவதும் அன்று எங்களோடு முடிந்தது. பாவாடையைக் குழந்தை தூங்கும்போது பார்த்துக்கொள்கிறேன், சோப்பில் நன்றாக அலசிக் காயவைத்துத் தேய்க்கிறேன் என்றார்.

மறுநாள் காலையில் ஒரே வரியில் செய்தி வந்தது. "பால்கனியில் வைத்திருக்கிறேன்."

கடையில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ரோஸ்லின் அக்கா மிஷின் ஓட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து நான்தான் பார்த்தேன், ஊசியில் நூலே இல்லை. சிக்கந்தர் அண்ணன் கத்தரியைத் துடைத்தார், வைத்தார், மறுபடி துடைத்தார்.

போட்டோ வந்தது. பால்கனிக் கம்பியில் பனி படிந்திருந்தது. அதற்கு முன்னால் ஹேங்கரில் கவுன் தொங்கியது.

"பெருசாக்கு," என்றார் அண்ணன். பெரிதாக்கினேன். "நெஞ்சைக் காட்டு. பாவாடையைக் காட்டு. ஓரத்தைக் காட்டு."

"இல்லண்ணே."

"இருக்காப்பா?"

"இல்லண்ணே. எங்கயும் இல்ல."

அக்கா மிஷினை விட்டு எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு இரண்டு செம்பு குடித்தேன். முதல் நாளிலிருந்து எனக்குத் தாகம் எடுத்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

6. எங்கே போடப் போறீங்க?

திங்கட்கிழமை டீச்சர் ஞானஸ்நானப் படங்களோடு வந்தார். கோயிலுக்கு வெளியே பனியில் எல்லாரும் நிற்கிறார்கள். ஷீலாவின் கையில் குழந்தை வாய் திறந்து தூங்குகிறது. கம்பளிக்குக் கீழே கவுனின் ஓரம் தொங்குகிறது. டக் வரிசை வெள்ளையில் வெள்ளையாகத் தெரிகிறது. பின்டக் அப்படித்தான் தெரிய வேண்டும், நிழலால் மட்டும்.

"ஃபாதர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஷீலா கவுனைக் குனிஞ்சு பாக்கவே இல்லையாம்," என்றார் டீச்சர். "அவரு முகத்தையேதான் பாத்தாளாம். முகம் மாறலையாம். அப்புறந்தான் மூச்சு விட்டேங்கிறா."

அந்தப் பேனாவை நாங்கள் எறியவில்லை. காகிதத்தில் அளவு வரைய வைத்திருக்கிறோம். துணிக்கு மறுபடியும் இழைதான் உருவுகிறோம். நேரம் பிடிக்கிறது, கண் வலிக்கிறது, அண்ணன் முணுமுணுக்கிறார். ஆனால் உருவிய இழை எந்த ஊருக்குப் போனாலும் திரும்பி வராது. வெட்டுத் துண்டுகளை, கஸ்டமர் உடுப்பைப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் வரை பொம்மைச் சட்டைக்குத் தருவதில்லை. புதிதாக என்ன மார்க்கர், என்ன பசை வந்தாலும் ஒரு துண்டு மொட்டை மாடிக்கும் ஒரு துண்டு கணேசனின் ஃப்ரீசருக்கும் போகிறது. குல்ஃபிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் ஓரம் நிரந்தரமாகிவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அளவு எடுக்கும்போது நெஞ்சு, தோள், கை, உயரம் என்று கேட்போம். கடைசியாக இன்னொன்றும் கேளுங்கள். இதை எங்கே போடப் போகிறீர்கள்? துணி போகிற ஊரின் வெயிலும் குளிரும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போன வாரம் எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் பேத்திக்குப் பின்டக் வைத்த சட்டை கேட்டு வந்தார். எங்கே போடப் போகிறது என்று கேட்டேன். "இங்கனதான்ப்பா, மேலூர்ல," என்றார். அவர் படி இறங்கியதும் சிக்கந்தர் அண்ணன் டிராயரைத் திறந்தார்.

"மேலூர்தானே மலை. அங்க எந்தப் பனி பெய்யுது? இதுக்காவது பேனாவை எடுத்துக்குவோமா? கண்ணு போகுதுப்பா."

"வேணாம்ணே," என்றேன். "மேலூர்ப் புள்ளைக மேலூர்லயேதான் இருக்கும்னு யாரு சொன்னா?"

அண்ணன் டிராயரை மூடிவிட்டு இழை உருவ ஊசியைத் தேடினார்.